இசைக் கோப்புகளுக்கு ஒரு பதிவேடு: பீட்ஸ் கருவியின் முழுமையான வழிகாட்டி

வட்டில் பல ஆயிரம் பாட்டுகள் இருக்கும். கேட்க நினைத்த பாட்டு மட்டும் அகப்படாது. ஒரே பாடகரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் கிடக்கும். பாதி ஆல்பங்களில் ஆண்டு இருக்காது. ‘டிராக் 01’ என்ற பெயரில் மட்டும் நாற்பது கோப்புகள் இருக்கும். டேக் என்பது கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் பாட்டு விவரம். பொத்தானும் பட்டியலும் உள்ள டேக் திருத்திகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்த்தவன் நான். முந்நூறு ஆல்பம் வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேல் முதலில் கை வலிக்கும், அப்புறம் மனசு விட்டுப்போகும்.

இந்த வேலைக்கென்றே உள்ள கட்டளை வரிக் கருவி பீட்ஸ். ஏட்ரியன் சாம்ப்சன் 2010-இல் வெளியிடத் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. பைத்தானில் எழுதப்பட்டது, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். இது பாட்டு ஒலிக்கும் கருவி அல்ல. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது, அதன் விவரம் என்ன என்று பதிவேடு வைத்துக்கொள்வதுதான் இதன் வேலை. ஒலிக்க நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பிளேயரே போதும்.

தொடங்கும் முன் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளை தட்டும் டெர்மினல் சாளரம்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கருவியின் பெயர் தாளத்தைக் குறிக்கும் சொல் அல்ல, பீட்ரூட்டின் முன்பாதி. தட்டும் கட்டளையில் கடைசி எஸ் கிடையாது, வெறும் பீட்தான். துணை விருப்பங்களை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியும் தரலாம். ஆனால் நான் இரண்டு கோடு போட்டு முழுச் சொல்லாகவே தருகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். இம்போர்ட் கட்டளையில் சிறிய சி போட்டால் ‘நகலெடு’, பெரிய சி போட்டால் ‘நகலெடுக்காதே’. தூக்கக் கலக்கத்தில் ஷிஃப்ட் விசையை நம்பி ஒரு நூலகத்தை ஒப்படைக்க முடியாது.

மூன்று இடங்கள்

பீட்ஸைக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கட்டளைகளில் அல்ல. ஒரு பாட்டின் விவரம் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது என்பதை மறப்பதில்தான். கோப்புக்குள்ளே இருக்கும் டேக் ஒன்று. கோப்புறைப் பெயரும் கோப்புப் பெயரும் சேர்ந்த பாதை இன்னொன்று. மூன்றாவது, பீட்ஸ் தனியாக வைத்திருக்கும் தரவுத்தளம். அது எஸ்க்யூலைட் வடிவத்தில் உள்ள ஒற்றைக் கோப்பு.

ஒவ்வொரு கட்டளையும் இந்த மூன்றில் எதிலிருந்து எதற்கு விவரத்தைக் கொண்டுபோகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் விளங்கிவிடும். இம்போர்ட் கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்குக் கொண்டுவருகிறது. வழியில் இணையத்தில் சரிபார்த்து, திருத்திய விவரத்தை டேகிலும் எழுதுகிறது. மாடிஃபை தரவுத்தளத்தில் மாற்றி, அங்கிருந்து டேகுக்கும் பாதைக்கும் அனுப்புகிறது. ரைட் என்பது தரவுத்தளத்திலிருந்து டேகுக்கு. மூவ் என்பது தரவுத்தளத்திலிருந்து பாதைக்கு. ஏற்றி முடித்த பாட்டுகளுக்கு எதிர்த்திசையில் போவது அப்டேட் மட்டும்தான்: கோப்பில் இருப்பதைப் படித்துத் தரவுத்தளத்தைத் திருத்தும்.

இதை நான் கற்றது பட்டுத்தான். வேறொரு டேக் திருத்தியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எண்பது பாட்டுகளின் தலைப்பில் எழுத்துப்பிழை நீக்கினேன். மறுநாள் ஏதோ நினைவில் பீட் ரைட் என்று தட்டினேன். தரவுத்தளத்தில் இருந்தது பழைய, பிழையுள்ள தலைப்பு. அது எண்பது கோப்பிலும் திரும்ப ஏறிக்கொண்டது. கருவியின் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தது. வெளியே எதையாவது திருத்தினால் முதலில் அப்டேட், அப்புறம்தான் மற்றது.

நிறுவுதல்

லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்திலேயே பீட்ஸ் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். பைத்தான் நிரல்களை நிறுவித்தரும் பைப்எக்ஸ் வழியாக நிறுவுவதே நல்லது. தனக்கென ஒரு தனி அறையில் உட்கார்ந்துகொள்ளும், மற்ற பைத்தான் நிரல்களோடு சண்டை வராது.

பைப்எக்ஸ் இன்ஸ்டால் பீட்ஸ்

முடிந்ததும் பீட் வெர்ஷன் என்று தட்டுங்கள். பதிப்பு எண்ணும், ஏற்றப்பட்ட பிளகின்களின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பெயரும் வந்தால் சரி. அடுத்தது அமைப்புக் கோப்பு.

பீட் கான்ஃபிக் --எடிட்

இது உங்கள் உரைத்திருத்தியில் அமைப்புக் கோப்பைத் திறக்கும், இல்லையென்றால் உருவாக்கும். யாமல் என்ற உரை வடிவம் என்பதால் உள்தள்ளலுக்கு டேப் விசை கூடாது, வெற்றிடங்கள்தான். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்:

டைரக்டரி: இசை போய்ச் சேரவேண்டிய கோப்புறை
லைப்ரரி: தரவுத்தளக் கோப்பின் இடம்
இம்போர்ட்:
  காப்பி: யெஸ்
  ரைட்: யெஸ்
  லாக்: பதிவுக் கோப்பின் இடம்

இசை வெளி வட்டிலோ வலைப்பின்னல் வட்டிலோ இருக்கலாம், தவறில்லை. தரவுத்தளக் கோப்பை மட்டும் கணினியின் சொந்த வட்டில் வையுங்கள். எஸ்க்யூலைட் கோப்பைப் பூட்டித் திறந்து வேலை செய்வது. வலைப்பின்னல் வட்டுகளில் அந்தப் பூட்டு எப்போதும் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

காப்பி யெஸ் என்றால் மூலக் கோப்புகளைத் தொடாமல், நூலகக் கோப்புறைக்கு நகல் எடுத்து, அந்த நகலில்தான் டேக் எழுதும். இரண்டு மடங்கு இடம் வேண்டும், ஆனால் முதல்முறை செய்பவருக்கு அந்த இடம்தான் காப்பீடு. நம்பிக்கை வந்த பிறகு காப்பியை நோ ஆக்கி, மூவ் என்பதை யெஸ் ஆக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே உங்கள் கையால் அழகாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள், யாரும் தொடக்கூடாது என்றால் வழி வேறு. காப்பி, மூவ், ரைட் மூன்றையும் நோ என்று வைத்துவிட்டு இப்படி ஏற்றுங்கள்:

பீட் இம்போர்ட் --நோஆட்டோடேக் கோப்புறை

கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், டேக் அப்படியே இருக்கும், தரவுத்தளத்தில் பதிவு மட்டும் விழும். தேடுவதற்கு மட்டும் பீட்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே முழுத் தீர்வு. காப்பியும் மூவும் நோ என்று இருக்கும் வரை, பின்னால் மாடிஃபை செய்தாலும் அது தானாகக் கோப்பை இடம் மாற்றாது.

பாதைக்கு ஒரு வடிவம்

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பீட்ஸ் இந்த அச்சில் கோப்புகளை அடுக்கும்:

$ஆல்பம்ஆர்ட்டிஸ்ட்/$ஆல்பம்%அயூனிக்{}/$டிராக் $டைட்டில்

டாலர் குறி போட்டவை தரவுத்தளப் புலங்கள். அயூனிக் என்பது ஒரு செயற்கூறு. ஒரே கலைஞருக்கு ஒரே பெயரில் இரண்டு ஆல்பம் இருந்தால், ஆண்டு போன்ற ஏதாவது ஒன்றை ஒட்டிப் பிரித்துக்காட்டும். பலர் பாடிய தொகுப்புகள் கம்பைலேஷன்ஸ் என்ற கோப்புறைக்குப் போகும். ஆல்பத்தில் சேராத தனிப்பாட்டுகளுக்கும் தனி இடம் உண்டு.

திரைப்பட இசையில்தான் சிக்கல் வரும். ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொருவர் பாடியிருப்பார். டேகில் ஆர்ட்டிஸ்ட் புலத்தில் பாடகர் பெயர் மட்டும் இருந்தால் பல பிளேயர்கள் ஒரே படத்தை எட்டு ஆல்பமாக உடைத்துக் காட்டும். இதற்கு மருந்து ஆல்பம்ஆர்ட்டிஸ்ட் புலம். பாடகர் ஆர்ட்டிஸ்டில் இருக்கட்டும், இசையமைப்பாளர் ஆல்பம்ஆர்ட்டிஸ்டில் இருக்கட்டும், ஆல்பம் ஒட்டிக்கொள்ளும். திரைப்பட இசை எல்லாம் ஒரே கோப்புறையில் வேண்டுமென்றால், அமைப்புக் கோப்பில் பாத்ஸ் பகுதியின் கீழ் ஒரு வரி சேருங்கள்:

ஆல்பம்டைப்:சவுண்ட்டிராக்: சவுண்ட்டிராக்ஸ்/$ஆல்பம்/$டிராக் $டைட்டில்

இன்னொன்று, தமிழ் எழுத்தில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு. பெரும்பாலான லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் உச்சம். யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘கி’ என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து. கணினிக்கு க ஒன்று, கொக்கி ஒன்று, ஆக 6 பைட். 85 குறியில் பெயர் முடிந்துவிடும். நீளமானால் பீட்ஸே வெட்டிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஆஸ்கிஃபை_பாத்ஸ் என்ற அமைப்பை மட்டும் யெஸ் ஆக்கிவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றுகிறேன் என்று வாயில் நுழையாத ஒன்றைச் செய்துவைக்கும்.

பழைய பிளேயரிலோ வண்டியிலுள்ள ஒலிக்கருவியிலோ டேக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், ஐடி3வி23 என்ற அமைப்பை யெஸ் ஆக்கிப் பாருங்கள். எம்பி3 கோப்பின் டேக் வடிவத்துக்குப் பெயர் ஐடி3. பீட்ஸ் இயல்பாக எழுதுவது அதன் 2.4 பதிப்பு, சில சாதனங்களுக்கு 2.3தான் புரியும்.

இம்போர்ட்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

முதலில் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துச் செய்து பாருங்கள். முழு வட்டையும் கொடுக்காதீர்கள்.

பீட் இம்போர்ட் அந்த ஆல்பத்தின் கோப்புறை

பீட்ஸ் ஒரு கோப்புறையை ஒரு ஆல்பமாக எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் 1, டிஸ்க் 2 என்ற பெயரில் உள்கோப்புறை இருந்தால் ஒரே ஆல்பத்தின் பகுதிகள் என்று அதற்கே புரியும். பிறகு மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தைக் கேட்கும். அது 2000-த்தில் தொடங்கி, தன்னார்வலர்கள் தொகுத்துவரும் திறந்த இசைத் தரவுத்தளம். ஆல்பப் பெயர், கலைஞர், பாட்டுகளின் எண்ணிக்கை, வரிசை, ஒவ்வொரு பாட்டின் நீளம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று சதவீதம் காட்டும். 96 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் பொதுவாகக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். ஆனால் பாட்டு குறைந்தாலோ கூடினாலோ, எவ்வளவு பொருந்தினாலும் உங்களைக் கேட்கும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்தில் என்ன காரணத்தால் மதிப்பெண் குறைந்தது என்று ஒரு சொல் இருக்கும், அதுதான் விஷயம். ‘இயர்’, ‘மீடியா’ என்று இருந்தால் அதே ஆல்பத்தின் வேறு வெளியீடு. வெளியீட்டு ஆண்டோ வட்டின் வகையோ மாறியிருக்கும், அவ்வளவுதான். ‘மிஸ்ஸிங் டிராக்ஸ்’ என்றால் உங்களிடம் பாட்டு குறைகிறது, அல்லது அது கூடுதல் பாட்டுள்ள பதிப்பு. ‘லெங்த்’ என்றால் நின்று பாருங்கள்: 10 விநாடி வரை வித்தியாசத்தைப் பீட்ஸ் பொருட்படுத்துவதில்லை, அதற்கு மேல் போகப்போக மதிப்பெண்ணைக் கூடுதலாக வெட்டும். அப்படி வெட்டு விழுந்தால் பெரும்பாலும் அது வேறு ஒலிப்பதிவு, மேடையில் பாடியதோ சுருக்கப்பட்டதோ.

கேள்வி கேட்கும்போது கீழே ஒரு வரிசை வரும். ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து பெரிதாக இருக்கும், அதைத் தட்டினால் போதும். அப்ளை என்றால் ஏற்றுக்கொள். மோர் என்றால் வேறு பொருத்தங்களைக் காட்டு. ஸ்கிப் என்றால் இந்த ஆல்பத்தை விடு. யூஸ் அஸ்-ஈஸ் என்றால் இருக்கும் டேகோடு அப்படியே ஏற்று. டிராக்ஸ் என்றால் ஆல்பமாகப் பார்க்காமல் தனித்தனிப் பாட்டாகப் பார். அபார்ட் என்றால் நிறுத்து. அதன் முதல் எழுத்தை அப்ளை எடுத்துக்கொண்டதால் அதற்கு இரண்டாவது எழுத்து. அவசரத்தில் நிறுத்துவதாக நினைத்து ஏ-யைத் தட்டி, வேண்டாத பொருத்தத்தை ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. எழுதுகிற ஆளும் அதில் ஒருவர்.

இந்த வரிசையில் யாரும் கண்டுகொள்ளாதது ஐடி. தேடலில் சரியான ஆல்பம் வரவில்லையென்றால், உலாவியில் மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தைத் திறந்து அந்த ஆல்பத்தின் பக்கத்தை எடுங்கள். ஐ தட்டி, முகவரியை அப்படியே ஒட்டுங்கள். ஒரே நிபந்தனை: அது ரிலீஸ் பக்கமாக இருக்க வேண்டும், ரிலீஸ் குரூப் பக்கமாக இருக்கக்கூடாது. குரூப் என்பது ஆல்பம் என்ற கருத்து. ரிலீஸ் என்பது குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட பாட்டு வரிசையோடு வந்த ஒரு பதிப்பு. பீட்ஸுக்கு வேண்டியது இரண்டாவது. தளத்திலேயே அந்த ஆல்பம் இல்லையென்றால் கணக்குத் தொடங்கி நீங்களே சேர்க்கலாம். கால் மணி நேர வேலை, அடுத்து தேடுபவருக்கும் உதவும்.

ஏற்கெனவே நூலகத்தில் உள்ள ஆல்பத்தை மறுபடி கொடுத்தால் அதற்கும் கேள்வி வரும்: புதியதை விடவா, இரண்டையும் வைக்கவா, பழையதை நீக்கவா, சேர்க்கவா. பழையது என்ன வடிவம், என்ன பிட்ரேட், புதியது என்ன என்று பக்கத்தில் காட்டும். பழையது 128 கேபிபிஎஸ் எம்பி3, புதியது தரம் இழக்காத ஃப்ளாக் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நீக்கு என்றால் நூலகக் கோப்புறையிலிருந்து கோப்பே போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஐந்தாறு ஆல்பம் கையால் செய்து பழகியாயிற்று என்றால் மொத்தத்துக்கும் போகலாம். நான் செய்வது இரண்டு சுற்று. முதல் சுற்று அமைதியாக:

பீட் இம்போர்ட் --கொயட் பெரிய கோப்புறை

இது எதுவும் கேட்காது. உறுதியாகத் தெரிந்ததை ஏற்றும், சந்தேகமானதைத் தாண்டிப்போய் லாக் கோப்பில் எழுதிவைக்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் விநாடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுமதிப்பதில்லை, பீட்ஸும் அதை மதிக்கிறது. எனவே பெரிய நூலகம் என்றால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். முதலிலேயே --ரெஸ்யூம் சேர்த்துக் கொடுத்தால், நடுவில் நின்றாலும் மறுபடி அதே கட்டளையில் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாவது சுற்று, மிச்சம் விழுந்தவற்றுக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து:

பீட் இம்போர்ட் --ஃப்ரம்-லாக்ஃபைல் லாக் கோப்பு

இந்த மிச்சத்தை ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். களைப்பில் எல்லாவற்றுக்கும் அப்ளை தட்டத் தொடங்குவீர்கள்.

ஒரே கோப்புறையில் எல்லாப் பாட்டும் குவிந்து கிடந்தால், ஆல்பப் பெயராவது டேகில் இருக்கிறது என்றால் --குரூப்-ஆல்பம்ஸ் சேருங்கள், டேகைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். உதிரிப் பாட்டுகள் என்றால் --சிங்கிள்டன்ஸ்.

டேகே இல்லாத ‘டிராக் 01’ வகைக் கோப்புகளுக்கு குரோமா என்ற பிளகின். பாட்டின் ஒலியிலிருந்தே ஒரு கைரேகை எடுத்து, அக்கூஸ்ட்ஐடி சேவையில் அது யாருடையது என்று கேட்கும். பெயரே இல்லாத கோப்பு பெயரோடு திரும்பி வருவதை முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் மாயமாகத்தான் இருக்கும். அரிய பதிவுகளுக்கு மாத்திரம் கைரேகை யாரும் பதிந்திருக்க மாட்டார்கள்.

தேடல்

இவ்வளவு பாடும் இதற்காகத்தான். லிஸ்ட் என்ற கட்டளைக்குப் பின்னால் புலம், முக்காற்புள்ளி, தேடும் சொல். பீட்ஸில் முக்காற்புள்ளி என்று நான் சொல்வது மேலும் கீழுமாக உள்ள இரண்டு புள்ளி. புலங்களின் சரியான எழுத்துக்கூட்டல் வேண்டுமென்றால் பீட் ஃபீல்ட்ஸ் என்று தட்டினால் முழுப் பட்டியலும் வரும்.

பீட் லிஸ்ட் இயர்:1980..1989
பீட் லிஸ்ட் லெங்த்:..2:00
பீட் லிஸ்ட் பிட்ரேட்:..128000
பீட் லிஸ்ட் --ஆல்பம் ஆட்டட்:-1டபிள்யூ..

முதலாவது எண்பதுகளின் பாட்டுகள். இரண்டாவது இரண்டு நிமிடத்துக்குள் முடிபவை. மூன்றாவது தரம் குறைந்தவை. பிட்ரேட் விநாடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கில் இருப்பதால் 128 அல்ல, 128000. இதைத் தெரியாமல் 128 என்று தட்டிவிட்டு, என் நூலகத்தில் மட்டமான கோப்பே இல்லை என்று மகிழ்ந்திருந்தேன். கடைசியானது கடந்த ஒரு வாரத்தில் சேர்த்த ஆல்பங்கள்.

முக்காற்புள்ளியை இரண்டு முறை போட்டால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் சொல்லித் தேடும் முறை. அதில் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

பீட் லிஸ்ட் --ஆல்பம் 'எம்பி_ஆல்பம்ஐடி::^$'

மியூசிக்பிரெய்ன்ஸ் அடையாள எண் காலியாக உள்ள ஆல்பங்கள், அதாவது ‘அப்படியே ஏற்று’ என்று நீங்கள் தட்டிவிட்டுப் போனவை. உங்கள் கடன் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் இயர்:0 என்று தேடினால் ஆண்டு இல்லாதவை வரும். வெற்றிடமோ ^, $ போன்ற குறிகளோ இருந்தால் தேடலை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் பீட்ஸுக்குப் போகும் முன் முனையமே அவற்றை விழுங்கிவிடும். சொல்லுக்கு முன்னால் ^ போட்டால் ‘இது அல்லாதவை’. இரண்டு தேடலுக்கு நடுவே, இருபக்கமும் இடம்விட்டு, காற்புள்ளி போட்டால் ‘இது அல்லது அது’. கடைசியில் இயர்+ என்று சேர்த்தால் ஆண்டு வரிசை.

திருத்தம்

தேடுவதற்கு முக்காற்புள்ளி, மாற்றுவதற்குச் சமக்குறி. மாடிஃபை கட்டளையின் இலக்கணம் இவ்வளவுதான்.

பீட் மாடிஃபை --ஆல்பம் ஆல்பம்:பழைய பெயர் ஆல்பம்ஆர்ட்டிஸ்ட்=புதிய பெயர்

வெற்றிடம் உள்ள இரண்டு பகுதிகளையும் தனித்தனியே மேற்கோளுக்குள் போடுங்கள். என்னென்ன மாறும் என்று பட்டியல் காட்டி, செய்யவா என்று கேட்கும். யெஸ், நோ, செலக்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது: எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் யெஸ் என்று பொருள். தேடல் பகுதியை மறந்து சமக்குறிப் பகுதியை மட்டும் கொடுத்தால் அது முழு நூலகத்துக்கும் பொருந்தும். பட்டியல் நிற்காமல் திரையில் ஓடினால் என்டரைத் தொடாதீர்கள், என் தட்டி வெளியே வாருங்கள். சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் செலக்ட், ஒவ்வொன்றாகக் கேட்கும்.

பீட்ஸுக்குத் தெரியாத புலத்தையும் நீங்களே உண்டாக்கலாம். நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். மூட்=அமைதி என்று கொடுத்தால், அன்றிலிருந்து மூட்:அமைதி என்று தேடலாம். எடுத்துவிட மூட்! என்று ஆச்சரியக்குறி போட்டால் போதும். ஆனால் இப்படி நீங்கள் உண்டாக்கியவை இயல்பாகத் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும், கோப்பின் டேகுக்குப் போகாது. தரவுத்தளம் தொலைந்தால் அவையும் தொலையும்.

நிறையத் தலைப்புகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தால் எடிட் பிளகின். தேடலுக்குப் பொருந்திய பாட்டுகளின் விவரத்தை உரைத்திருத்தியில் திறக்கும். எழுதிச் சேமித்தால் தரவுத்தளம், டேக், பாதை மூன்றும் மாறும். நான் எண்பது தலைப்புகளைத் தொலைத்த அன்று இது தெரிந்திருக்கவில்லை.

அழிக்க ரிமூவ். அது தரவுத்தளத்திலிருந்து மட்டும் எடுக்கும், கோப்பு வட்டில் இருக்கும். --டெலீட் சேர்த்தால் கோப்பும் போகும். பாதை வடிவத்தை மாற்றிய பிறகு பழைய கோப்புகளைப் புதிய அச்சுக்குக் கொண்டுவர மூவ். அப்டேட், ரைட், மூவ் மூன்றுக்கும் --பிரிடெண்ட் உண்டு: செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். அதை முதலில் ஓட்டுவது என் வழக்கம். மூவ் இசைக் கோப்புகளையும் பதிவேட்டிலுள்ள அட்டைப்படத்தையும்தான் நகர்த்தும். ஆல்பத்தோடு இருந்த பிடிஎஃப், கியூ போன்றவை பழைய இடத்திலேயே கிடக்கும்.

பிளகின்கள்

ஏராளமாக இருக்கின்றன, எல்லாவற்றையும் போட வேண்டாம். அமைப்புக் கோப்பில் பிளகின்ஸ் என்ற வரியில் பெயர்களை எழுதினால் போதும். புதிய பதிப்புகளில் ஒரு கண்ணி உண்டு: மியூசிக்பிரெய்ன்ஸ் தேடலே இப்போது ஒரு பிளகின். நீங்கள் அந்த வரியை எழுதாதவரை தானாக இருக்கும். எழுதிவிட்டால், மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பெயரையும் சேர்த்தாக வேண்டும். மேம்படுத்திய பிறகு திடீரென்று எந்த ஆல்பத்துக்கும் பொருத்தமே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான்.

ஃபெட்ச்ஆர்ட் அட்டைப்படம் கொண்டுவரும், எம்பெட்ஆர்ட் அதைக் கோப்புக்குள் பதிக்கும். மிஸ்ஸிங், எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டு குறைகிறது என்று சொல்லும். பேட்ஃபைல்ஸ் வெளிக்கருவிகளின் துணையோடு, உடைந்த எம்பி3, ஃப்ளாக் கோப்புகளைக் கண்டுபிடிக்கும். பழைய வட்டுகளிலிருந்து எடுத்த நூலகத்துக்கு இது அவசியம். டூப்ளிகேட்ஸ் இயல்பாகப் பாட்டு, ஆல்பம் இரண்டின் மியூசிக்பிரெய்ன்ஸ் அடையாள எண்களும் ஒத்துப்போனால்தான் இரட்டை என்று சொல்லும். ஒரே ஒலிப்பதிவு மூல ஆல்பத்திலும் ஒரு தொகுப்பிலும் இருப்பதை அது குற்றம் சொல்லாது, அதுதான் சரி. அதிலும் --டெலீட் இருக்கிறது. பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் அதைச் சேர்க்காதீர்கள்.

பராமரிப்பும் காப்பும்

புதிதாக வந்த பாட்டுகளுக்கு ஒரு வரவுக் கோப்புறை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை --இன்கிரிமெண்டல் சேர்த்து இம்போர்ட் செய்யுங்கள். பார்த்த கோப்புறையை மறுபடி பார்க்காது. தாண்டிவிட்டதையும் ‘பார்த்தாயிற்று’ என்றே கணக்கு வைக்கும் என்பதால், அமைப்புக் கோப்பில் இம்போர்ட் பகுதியில் இன்கிரிமெண்டல்_ஸ்கிப்_லேட்டர் என்பதை யெஸ் ஆக்குங்கள். அப்போது தாண்டியவை அடுத்த வாரம் திரும்ப வரும். பிறகு அந்தக் கடன் பட்டியலைத் தட்டிப் பார்த்து இரண்டு மூன்றைத் தீருங்கள். பீட் ஸ்டாட்ஸ் என்றால் மொத்த எண்ணிக்கையும் நேரமும் அளவும் வரும்.

வெளி வட்டில் இசை வைத்திருப்பவர்கள் அப்டேட் தட்டும் முன் வட்டு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கோப்பைக் காணவில்லையென்றால் அழிந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பதிவைத் தரவுத்தளத்திலிருந்து நீக்குவதுதான் அப்டேட்டின் வேலை. நூலகக் கோப்புறையே இல்லையென்றால் தொடரவா என்று எச்சரிக்கும். ஆனால் வட்டு பொருந்தும் கோப்புறை காலியாகவாவது அங்கே இருக்குமே, அதைப் பார்த்து ஏமாந்துவிடும். மூட் முதலாக நீங்கள் உண்டாக்கிய புலங்கள் எல்லாம் அத்தோடு போகும்.

அதனால் தரவுத்தளக் கோப்பைத் தனியாகக் காப்பெடுங்கள். ஒரே கோப்பு, இசையோடு ஒப்பிட்டால் தூசு. பீட்ஸ் ஓடாத நேரத்தில், தேதியைப் பெயரில் சேர்த்து நகலெடுத்தால் போதும். பீட்ஸின் பதிப்பை மாற்றும் முன்னும், பெரிய மாடிஃபைக்கு முன்னும் கட்டாயம். அமைப்புக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

கொஞ்சம் பாட்டுகளை மட்டும் கைப்பேசிக்கு எடுத்துப்போக மூவ் கட்டளையிலேயே வழி இருக்கிறது:

பீட் மூவ் --எக்ஸ்போர்ட் --டெஸ்ட் கைப்பேசிக் கோப்புறை மூட்:அமைதி

நகல் அங்கே போகும், தரவுத்தளத்தில் பாதை மாறாது. எக்ஸ்போர்ட் என்பதை மறந்தால் உங்கள் பாட்டுகளே கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிடும்.

வட்டு நிறைந்து புதிய வட்டு வாங்கினால், இரண்டையும் ஒன்றாக இணைத்து வையுங்கள். தரவுத்தளத்துக்கு ஒரு நகல் எடுங்கள். அமைப்புக் கோப்பில் டைரக்டரி வரியில் புதிய வட்டின் கோப்புறையை எழுதுங்கள். பீட் மூவ் --பிரிடெண்ட் ஓட்டி, பழைய பாதை, புதிய பாதை இரண்டும் சரிதானா என்று பத்து வரியாவது படியுங்கள். பிறகு பீட் மூவ். முடிந்ததும் பீட் லிஸ்ட் --பாத் தட்டி எல்லாப் பாதையும் புதிய வட்டைக் காட்டுகிறதா பாருங்கள். பழைய வட்டில் இசைக் கோப்பு ஏதாவது மிச்சமிருந்தால் அது தரவுத்தளத்தில் ஏறவே இல்லை என்று பொருள், அதை வரவுக் கோப்புறைக்கு மாற்றி இம்போர்ட் செய்யுங்கள்.